பிளாங்க் அண்ணனின் ரத்தத்தில் ஒரு மேடு

மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறையை அடுத்து இருக்கிறது அக்காவின் அறை. கதவில் பலகை கிடையாது. யாராவது வழி கேட்டால், "பிளாஸ்மா அக்கா ரூமா? சோப்பு வாசனை முடியிற இடத்துல ஒரு கதவு வரும், தள்ளுங்க" என்பார்கள். தள்ளினால் முதலில் கேட்பது ஒரு பம்பின் சத்தம். யாரோ பொறுமையாக நாக்கைச் சப்புக்கொட்டுவது போல இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு அது எரிச்சல். அக்காவுக்கோ அது நின்றால்தான் காதில் விழும்; சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓடுவாள்.

வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருஷம் சாயப்பட்டறை ஒன்றில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தாள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அங்கே தொற்றியது. வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட ஜன்னல் பக்கம் ஒருமுறை திருப்பிவிட்டுத்தான் குடிப்பாள்.

அவளுடைய வேலை, ஆஸ்துமாக்காரர்களின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. தியோஃபிலின் என்ற அந்த மாத்திரை கொஞ்சம் முரட்டு ஆள். குறைந்தால் இளைப்பு அடங்காது. கூடினால் கை நடுங்கும், குமட்டும், நெஞ்சு தாறுமாறாக அடிக்கும். மேலும் கூடினால் வலிப்பே வரலாம். போதும் என்பதற்கும் ஐயோ என்பதற்கும் நடுவே இடம் ரொம்பக் குறைவு. அதனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தம் அவ்வப்போது அக்காவிடம் வரும். குழாயைச் சுழற்றியில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, வெளிறிய மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அதிலுள்ள புரதத்தைத் திரியவைத்து ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய தெளிவில் துளியளவு எடுத்துக் கருவிக்குள் செலுத்துவாள். நுண்பொடி இறுக்கி அடைத்த சாண் நீள எஃகுக் குழாய்க்குள், பம்பு தள்ளும் கரைப்பான் திரவத்தோடு அது ஓடும். ரத்தத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தவை அங்கே பிரியும். சில எதிலும் ஒட்டாமல் விறுவிறுவென்று வெளியேறும், சில வழியெல்லாம் நின்று நின்று வரும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் கோடு எழுந்து, மேடாகி, இறங்கும். இந்த நேரத்துக்கு வந்தால் இந்தப் பொருள், மேடு இத்தனை பெரிதென்றால் மருந்து இத்தனை. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் இருப்பதை அளக்க, முதலில் இல்லாததைப் பார்த்தாக வேண்டும். மருந்தே இல்லாத பிளாஸ்மாவை ஓட்டினால், மருந்து வரும் இடத்தில் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். அதே பிளாஸ்மாவில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்துதான் அளவுகோலும் செய்வது. இங்கேதான் ஒரு தொல்லை. டீ, காபியில் இருக்கும் கஃபீன் இந்தத் தியோஃபிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உடம்புக்குள் போனதும் அது உடைகிற துண்டுகளில் ஒன்று, திரையில் தியோஃபிலின் வருகிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ரத்த வங்கியிலிருந்து பை பையாகப் பிளாஸ்மா வாங்கி ஓட்டிப் பார்த்தாள். ஊரில் டீ ஓடாத ரத்தமே இல்லை.

வீட்டில் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். டீ, காபி, கோலா எதையும் தொடமாட்டார். கொள்கை எல்லாம் இல்லை. "டீ குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்கணும்னா வண்டிய நிறுத்தணும். வண்டிய நிறுத்தினா அத்தனை பேரும் வாட்சைப் பாப்பாங்க" என்பார். பிளாஸ்கில் வெந்நீர்தான் கொண்டுபோவார். பல வருஷமாக, விடுமுறை நாள் பார்த்து மருத்துவமனைக்கு வந்து ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் பிளாங்க் அண்ணன். அவருக்கு அதில் பெருமை வேறு. "ஆஸ்பத்திரியில என்னை வெச்சுத்தான்டா எண்ணவே ஆரம்பிக்கிறாங்க" என்று கண்டக்டரிடம் அளந்துவிட்டிருக்கிறார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். ரத்தம் எடுக்கிறவனை எல்லோரும் குண்டூசி என்பார்கள். தொழிலாலும் அந்தப் பெயர் பொருந்தும், உடம்பாலும் பொருந்தும். டிரைவர் கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, அடுத்த வாரம் நடக்கப்போகிற மெடிக்கலைப் பற்றியே பேசினார். டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை டிரைவர்களுக்குக் கண், காது, நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். தேறாதவரைப் பார்சல் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவரோடு சேர்ந்து வேலைக்கு வந்த ஒருவர் போன வருஷம் அப்படிப் போனவர்தான்.

"பெட்டிக்கெல்லாம் சீட்டு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்ப்பா. என்னை அங்க உக்கார வெச்சா ஒரே மாசத்துல நானே பார்சல் ஆயிடுவேன்."

"உங்களுக்கென்ன அண்ணே, வண்டிய விட ஸ்ட்ராங்கா இருக்கீங்க" என்றான் குண்டூசி. "ஆனா கையைக் கொஞ்சம் ஆட்டாம வைங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஊசிக்குப் பயமா?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான்டா நடுங்குது."

மறுநாள் அக்கா அந்தப் பிளாஸ்மாவை ஓட்டினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளின் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்; பிளாங்க் ஓடும்போது அவள் திரையைப் பார்ப்பதில்லை. குண்டூசிதான் பார்த்தான்.

"அக்கா, இது என்ன?"

தரையோடு கிடக்க வேண்டிய கோடு எழுந்து நின்றது. தியோஃபிலின் வரும் அதே நேரம், அதே இடம். குழாயில் பழைய மருந்து ஒட்டியிருக்கும் என்று கரைப்பானை விட்டுக் கழுவினாள். வெறும் தண்ணீரை ஓட்டினாள், சுத்தமாக இருந்தது. மறுபடி அவர் பிளாஸ்மா. மறுபடி மேடு.

"அண்ணன் டீக்கடையில கணக்கு வெச்சுட்டாரு போலயே" என்றான் குண்டூசி.

"அவரா? சும்மா இரு."

"ரத்தம் சொல்லுதே அக்கா. அதுவும் இந்த உயரத்துக்கு டம்ளர் பத்தாது. அண்டா வேணும். யாரு இவ்ளோ பாசமா போட்டுக் குடுக்கிறாங்களோ!"

சொல்லி முடித்ததும் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தோன்றியது. அக்கா உறைபெட்டியைத் திறந்தாள். போன தடவைப் பிளாஸ்மா கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்து அன்றைய நோயாளிகளை ஒப்பேற்றினாள்.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை.

"எங்க டீ குடிக்கிறீங்க?"

செருப்பு தைத்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார். "எந்த டீ?"

"உங்க ரத்தத்துல இருக்கிற டீ."

"ரத்தத்துல டீயா?"

"மேடு தெரியுதுங்க. என் தலைக்கு மேல நிக்குது. இன்னிக்குப் பூரா என்னைப் பாத்துச் சிரிக்கிறான் அந்தக் குண்டூசி."

அவர் ஊசியைத் தோலில் குத்தி அப்படியே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ இறுகி, பிறகு தளர்ந்தது. "ஆமாம்மா. டிப்போல எல்லாரும் குடிக்கிறாங்க, கையில திணிச்சுடறாங்க. இனிமே குடிக்கல, போதுமா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. பையன் விடுதிக்குப் போனதிலிருந்து டிரைவர் அவன் அறையில்தான் படுக்கிறார். விடியற்காலை டியூட்டிக்கு எழும்போது அக்காவின் தூக்கம் கெடக்கூடாதாம். அன்றும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவுக்கு உறுத்தியது டீ அல்ல. வண்டியில் கீறல் விழுந்தால் ரோட்டின் மேல் பழி போடுகிற மனுஷன். கூட்டில் உப்பு கூடிப்போனால், உப்பு போட்டது தானாகவே இருந்தாலும், டப்பாவின் மூடி சரியில்லை என்பார். அவர் ஒரு குற்றத்தை முழுசாக, முதல் கேள்வியிலேயே, மன்னிப்போடு சேர்த்து ஒப்புக்கொண்டதை அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனவள் வேறு எதையும் தொடாமல் முந்தைய நாள் ஓட்டங்களைத் திரையில் வரிசையாக விரித்தாள். தன்னுடைய தப்பு அப்போதுதான் தெரிந்தது. நோயாளிகளின் துளிகளை முழு நேரமும் ஓட விடுவாள். பிளாங்கை மட்டும் தியோஃபிலின் இடம் தாண்டியதும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் அவர் ரத்தத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பது பல வருஷப் பழக்கம், கரைப்பானும் மிச்சம். ஆனால் கஃபீன் நிதானமாக வருகிற ஆள். தியோஃபிலின் போன பிறகுதான், வெகு நேரம் கழித்து வெளியே வரும். டீ என்றால் அந்த இரண்டாவது மேடு இருந்தாக வேண்டும். முன்னாலேயே நிறுத்திவிட்டு, அதைப் பார்த்தது போலச் சண்டை போட்டிருக்கிறாள்.

அப்படிப் பாதியில் நிறுத்தினாலும் குழாய்க்குள் தங்கிய கஃபீன் எங்கேயும் போய்விடாது. அடுத்த ஓட்டத்தில் சம்பந்தமில்லாத இடத்தில் தலையை நீட்டும். அடுத்த ஓட்டத்தைப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. சந்தேகம் தீர அவர் பிளாஸ்மாவை இன்னொரு தடவை செலுத்தி, இம்முறை கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை ஓட விட்டாள். முதல் மேடு வந்தது. இறங்கியது. அப்புறம் கோடு தரையிலேயே போய்க்கொண்டிருந்தது. கஃபீன் வர வேண்டிய நேரம் வந்தது, தாண்டியது. கோடு அசையவில்லை.

டீ இல்லை. அந்த மேடு, அவள் தினமும் அளக்கிற மருந்தேதான்.

குண்டூசி உள்ளே வந்தபோது அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வேறு அறையில் படுக்கை. மாடிப்படி நடுவில் நின்று அவர் சாவியைத் தேடுவது; சாவி சட்டைப் பையில்தான் இருக்கும், எப்போதும் அங்கேதான் இருக்கும். நடுங்குகிற கை. ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வந்து போனதால் அவள் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"நான் வெளியே போறேன். பம்பைப் பாத்துக்கோ" என்றாள்.

"எங்க அக்கா?"

"பஸ் ஏற."

பேருந்து நிலையத்தில் அவருடைய வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணி! அதிசயமா இருக்கு. அண்ணன் ஒழுங்கா ஓட்டுறாரான்னு செக்கிங்கா?" என்றார். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சிரிக்க முயன்றார். அக்கா முன் இருக்கையில், அவர் முதுகு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

வழி நெடுக அவள் தெருவைப் பார்க்கவில்லை. அவர் தோள்களைப் பார்த்தாள். மூச்சை இழுக்க நெஞ்சு போதாமல் தோள்களும் சேர்ந்து ஏறின. மேட்டுச் சாலையில் கியர் மாற்றியபோது இஞ்சின் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ஒரு விசில் கேட்டது. இரைச்சல் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் இத்தனை நாள் மூச்சு விட்டிருக்கிறார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் கடைப்பக்கம் போனார். இஞ்சின் நின்றதும் விசில் தெளிவாகக் கேட்டது.

"எத்தனை மாத்திரை?" என்றாள் அக்கா.

அவர் திரும்பவில்லை. "என்ன மாத்திரை?"

"நான் டீன்னு நெனச்சேன். நீங்களும் அதையே பிடிச்சுக்கிட்டீங்க. எத்தனை?"

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு."

"இந்த வாரம்?"

"மெடிக்கல் வருதுல்ல. அங்க இழுக்கக் கூடாதேன்னு நேத்துலேர்ந்து கூட ரெண்டு."

"கூட ரெண்டா! யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதல. மருந்துக் கடையில பேரைச் சொன்னேன், குடுத்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் பேரு?"

இப்போது திரும்பினார். "நல்லாக் கேட்டே போ. கல்யாணம் ஆனதுலேர்ந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து நீ வேற என்ன பேசியிருக்கே?"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"அது எவ்வளவு மோசமான மருந்துன்னும் சொன்னேனே. அது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அப்ப நல்லா வேலை செய்யும்னு எடுத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்கிட்ட சொன்னா நீ அளப்பே. அளந்தா நம்பர் வரும். நம்பர் உங்க நெஞ்சு டாக்டரம்மாகிட்டப் போகும். அப்புறம் பார்சல் ரூம்தான்."

"அப்ப எதுக்கு வந்து ரத்தம் குடுத்தீங்க?"

"வரலைன்னா ஏன்னு கேப்பே. காலை மாத்திரைய போடாம வந்தா தெரியாதுன்னு நெனச்சேன்" என்றவர், "தெரிஞ்சுடுமோ?" என்று சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

"குமட்டுதா?"

"சாப்பாடு பிடிக்கல."

"நெஞ்சு?"

"அடிக்குது. கொஞ்சம் வேகமா."

"ஓட்டிக்கிட்டு இருக்கும்போதா?"

வெளியே ஒரு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் வரும் பிள்ளைகளை அதட்டியபடி வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"இது கூடினா வலிப்பு வரும். நடுரோட்டுல வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மெடிக்கல் முடியட்டும்மா. அதுக்கப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன். ஒரு வாரம்தானே."

"அந்த ஒரு வாரத்துல ஏறுறவங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க?"

அந்த அம்மா படியில் கால் வைத்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்து ஏற்றுவதைப் பார்த்தார். கண்டக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "போலாமாண்ணே?" என்றார்.

டிரைவர் சாவியை உருவிக் கண்டக்டரின் கையில் வைத்தார். "எனக்கு உடம்பு முடியலப்பா. ஆபீஸ்ல சொல்லி வேற ஆளு கூப்பிடு."

"உங்களுக்கா? வண்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் வரும், உங்களுக்கு வராதேண்ணே!"

"போய்க் கூப்பிடுடா."

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். குண்டூசி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து, தேவைக்கு மேல் நேரம் அழுத்திப் பிடித்திருந்தான். உறைபெட்டியில் மிஞ்சியிருந்த பழைய பிளாஸ்மாவை, அவர் மூச்சு நன்றாக இருந்த நாட்களில் கொடுத்ததை, உருக்கி அளவுகோல் செய்தாள் அக்கா. மேடு நேற்றையதை அற்பமாக்கிவிட்டு ஏறியது. எழுதுகிற எண் இருபதைத் தாண்டியது. இருபதுக்கு மேல் என்றால் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அவளே போட்ட விதி. இரண்டாம் தடவை ஓட்டினாள். கருவிக்கு உறவுமுறை தெரியாது. அதே எண்தான். போனை எடுத்தாள்.

நெஞ்சு நோய் டாக்டரம்மா அவரை உடனே படுக்கவைத்து, நாடித்துடிப்பைக் கண்காணிக்கச் சொன்னார். மாத்திரை அடியோடு நின்றது. பதிலுக்கு வாயில் உறிஞ்சும் மருந்து வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்:

"ஆஸ்துமாதான். அடக்கி வைக்கலாம். மூச்சு ஊதிக் காட்டுற டெஸ்ட்ல நான் திருப்தியாகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

"மெடிக்கல் இருக்கு டாக்டர்" என்றார் டிரைவர்.

"தெரியும். என்னைக் கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லுவேன். நானா தேடிப்போய்ச் சொல்றதா இல்ல. அது நீங்க சொல்ல வேண்டியது."

அக்காவுக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை.

அதற்குள் ஆய்வகத்துக்குப் புதுப் பிளாங்க் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் குண்டூசி டீயை நிறுத்தினான். முதல் நாள் வீரமாக இருந்தான். அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் துணி வெளுக்கிறவர்களோடு ஒரு வாளிக்காகச் சண்டை போட்டான். "அண்ணன் எப்படித்தான் வாழ்ந்தாரோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் டிரைவர் உறிஞ்சும் மருந்தை நேரத்துக்கு எடுத்தார். மெடிக்கல் நெருங்க நெருங்க அவர் மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. விசில் இல்லை. படியேறினால் நிற்பதில்லை. இப்போது போனால் எந்த டாக்டரும் கண்டுபிடிக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா ஒரு தடவை ஆரம்பித்தாள், "நாளைக்கு அங்க..." என்று. அவர் "சட்டை எங்க?" என்றார். தேய்த்து வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

டிப்போவில் மெடிக்கல் நடக்கும் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண் பலகையின் எழுத்துகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணி வேற வந்திருக்காங்க, இன்னிக்கு அண்ணன் பாஸ்தான்" என்றார் இன்னொருவர். பெயர் கூப்பிட்டதும் டிரைவர் எழுந்து உள்ளே போனார். கதவு மூடியது. அக்காவுக்கு அங்கே செய்ய எதுவுமில்லை, அளக்கவும் எதுவுமில்லை.

வெளியே வந்தபோது சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"கேட்டாங்களா?"

"இல்ல."

"நெஞ்சு பாக்கலையா?"

"பாத்தாரு. நல்லாருக்கு, போங்கன்னுட்டாரு. பேனாவைக்கூட மூடிட்டாரு."

"சரி..."

"நான் போகல." பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டார். "போக எந்திரிச்சேன். பேனாவ மூடிட்டாரே, இனிமே சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சேன். யோசிச்சதுக்கே மூச்சு வாங்குச்சு. சரி, அதையே சொல்லிட்டேன். மூச்சு வாங்குது சார்னு."

"என்ன சொன்னாரு?"

"மூணு மாசம் பார்சல். அப்புறம் ஊதிக் காட்டணும். தேறினா வண்டி. தேறலைன்னா அங்கேயேதான்."

அக்கா அவர் கையைப் பிடிக்க நினைத்தாள். பெஞ்ச் முழுக்க ஆட்கள். பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகப் பேருந்தில்தான் ஏறினார்கள். முன் இருக்கை காலியாக இருந்தது. ஓட்டுகிறவர் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் முன்னால் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. வளைவு வந்தால் தோள் சாய்ந்தது. ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தபோது அவரும் அந்த டிரைவரும் ஒரே நேரத்தில் வாய்க்குள் ஏதோ திட்டினார்கள்.

அந்த டிரைவர் கண்ணாடியில் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அதற்கப்புறம் கியர் மாற்றுவதே கூச்சமாகிவிட்டது அவருக்கு.

"என்னண்ணே, ஏதாவது தப்பா ஓட்டுறேனா?"

"இல்லப்பா" என்றார் டிரைவர். காலை இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் ஓட்டுற. ஓட்டு."